பாட்டுக் கேட்கத் தோணியேறிய துரை

நோர்வேயில் இருக்கும் நம்ம பிள்ளைகள் கோடை வந்தால் பியோர்ட் படங்களாகப் போடுகிறார்கள். தனிப் படகை வாடகைக்கு எடுத்து மலைகளுக்கு நடுவே சுற்றும் பணக்காரர்களும் அங்கே உண்டு. அழகுதான். ஆனால் 1848 செப்டம்பரில், இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் நிலவு எழுந்த பிறகு நம்ம மட்டக்களப்பு வாவியில்தான் தோணியேறினார். கோட்டை வாசல் இறங்குதுறையிலிருந்து வடகிழக்கே சுமார் 200 யார். காற்றில்லை. அடியிலிருந்து மெல்லிய ஓசைகள் எழுந்தன. தோணிப் பலகையில் காதை வைத்தபோது இன்னும் கூடிக் கேட்டன.

மீனவர்கள் அதை ஊரியின் சத்தம் என்றார்கள். (மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை!) அவர்கள் சொன்ன தமிழ்ப் பெயரைக்கூட அவர் தன் நூலில் எழுதினார். இடம் காட்டியவர்களின் பெயர்கள் மட்டும் அதில் இல்லை.

இன்று கல்லடிப் பாலத்தில் வாகன இரைச்சல்தான் முந்திக் கேட்கும். பௌர்ணமிக்குக் கரடியனாற்றிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப் போறவங்க இயந்திரப் படகு பிடிக்காதீங்க. துடுப்பு வலிக்கிற ஒருவரோடு போங்க. ஊரியைப் பற்றி அவரிடம் கேளுங்க. அவர் பேரையும் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும்.