தேனிலவுக்குக் காசு கொடுத்தவர் யார்?

நியூஜெர்சியில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு எழுதியிருந்தார். அவருடைய திருமணம் அமெரிக்காவிலேயே நடந்தது. மண்டப வாடகை, விருந்து, பூ அலங்காரம், புகைப்படக்காரர் எனத் திருமணச் செலவு முழுவதையும் கடன் அட்டையிலேயே செய்தாராம். அதனால் சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு மனைவியுடன் ஹவாய்த் தீவுகளுக்குத் தேனிலவு சென்று திரும்பியிருக்கிறார். 'விமானச் சீட்டுக்கு ஒரு காசு கூடக் கொடுக்கவில்லை சார், முழுக்க இலவசம்' என்று கடிதத்தை முடித்திருந்தார்.

இலவசம் என்ற சொல் இயற்பியல் ஆசிரியனின் காதில் அவ்வளவு எளிதாக இறங்குவதில்லை. ஓரிடத்தில் ஆற்றல் தோன்றினால் இன்னோர் இடத்தில் அதே அளவு குறைந்திருக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவன் நான். அந்த விமானம் எரிபொருள் இல்லாமலா பறந்தது? விமானி சம்பளம் வாங்காமலா ஓட்டினார்? அப்படியானால் காசு கொடுத்தவர் யார்? விடை தேட நூறாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும். வாருங்கள், செல்வோம்.

1896ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்னும் இருவர் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அஞ்சல் தலையைப் போன்ற பச்சை நிறச் சிறு தலைகளை அச்சிட்டுக் கடைக்காரர்களுக்கு விற்பது அதன் தொழில். வாடிக்கையாளர் 10 சென்டுக்குச் சரக்கு வாங்கினால் கடைக்காரர் ஒரு தலை கொடுப்பார். இல்லத்தரசிகள் அவற்றை நாவால் ஈரப்படுத்திச் சிறு புத்தகங்களில் ஒட்டுவார்கள். ஒரு புத்தகம் நிறைய 1,200 தலைகள் வேண்டும். அதாவது 120 டாலருக்குச் சரக்கு வாங்கியிருக்க வேண்டும். நிறைந்த புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் விளக்கோ, இஸ்திரிப் பெட்டியோ, கம்பளியோ கிடைக்கும். கிடைக்கும் பொருளின் விலையை வாங்கிய சரக்கின் விலையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 2 அல்லது 3 விழுக்காடு வரும். இந்த எண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறாண்டு கழித்தும் இதே எண் நம்மைச் சந்திக்கப் போகிறது.

கடைக்காரர் ஏன் இதற்குச் சம்மதித்தார்? ஊரில் ஒரு கடை மட்டும் தலை கொடுத்தால் கூட்டம் அங்கே போகும். கூடுதல் விற்பனையில் தலையின் விலையை அவர் எடுத்துவிடலாம். ஆனால் எதிர்க்கடைக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் கொடுக்கத் தொடங்குவார். எல்லாரும் கொடுக்கும்போது எவருக்கும் கூடுதல் விற்பனை இல்லை, தலைக்குக் கொடுத்த காசு மட்டும் செலவாக நிற்கும். அது பருப்பின் விலையிலும் சோப்பின் விலையிலும் போய்ச் சேரும். தலையை ஒட்டிச் சேர்த்தவர்களுக்காவது விளக்கு கிடைத்தது. ஒட்டாமல் எறிந்தவர்கள் விலையை மட்டும் கொடுத்தார்கள். 1960களில் உச்சத்தில் இருந்த இந்தப் பச்சைத் தலைகள் 1970களில், விலைவாசியும் பெட்ரோல் நெருக்கடியும் கடைக்காரர்களை வாட்டியபோது, மெல்ல மங்கிப்போயின.

அதற்குள் இன்னொரு பொருள் பிறந்துவிட்டது. 1950இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மக்நமாரா என்பவரும் நண்பர்களும் டைனர்ஸ் கிளப் என்னும் அட்டையைத் தொடங்கினார்கள். உணவகத்தில் சாப்பிட்டபின் பணப்பையை மறந்து வந்தது தெரிந்து, அந்த அவமானத்தில் அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்று ஒரு கதை உண்டு. விளம்பரத்துக்காகப் புனைந்த கதை அது என்று அந்நிறுவனத்தில் இருந்தவரே பின்னாளில் சொல்லிவிட்டார். நமக்குத் தேவையானது கதையன்று, கணக்கு. உணவகத்துக்குச் சேர வேண்டிய தொகையில் 7 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டுதான் அந்நிறுவனம் பணம் கொடுத்தது. அட்டையை நீட்டியவருக்கு அந்தக் கழிவு கண்ணில் படவே இல்லை.

1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா இன்னொரு படி மேலே போயிற்று. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் 60,000 பேருக்கு, கேளாமலே, அஞ்சலில் கடன் அட்டை அனுப்பியது! மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை. ஒரு பகுதியைக் கட்டி, மீதிக்கு வட்டி கொடுக்கலாம். கட்டாதவர்கள் வங்கி எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்ததால் முதலில் பெரும் நட்டம். ஆனாலும் வங்கி விடவில்லை. அந்த அட்டைதான் 1976இல் விசா எனப் பெயர் மாறியது. வணிகரிடம் கழிவு, வாடிக்கையாளரிடம் வட்டி என்று அட்டைத் தொழிலுக்கு இரண்டு வருமானங்கள் இவ்வாறு அமைந்தன.

இனி அறிவியலுக்கு வருவோம். அக்காலத்தில் அட்டையின் மேடான எழுத்துகளைக் கரித்தாளில் அழுத்திப் படியெடுப்பார்கள். யார் எவ்வளவு செலவிட்டார் என்று எண்ணி முடிப்பதற்கே ஆட்கள் போதவில்லை. 1960களில் ஐ.பி.எம். பொறியாளர் ஃபாரஸ்ட் பேரி, காந்த நாடாவைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்ட முயன்றார். எந்தப் பசையும் சரியாக அமையவில்லை. நாடா வளைந்தது அல்லது கெட்டது. சலித்து வீடு திரும்பினால், மனைவி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். 'இதை வைத்துப் பாருங்களேன்' என்று அவர் தந்த யோசனைப்படி இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் நாடா அட்டையோடு ஒன்றிவிட்டது.

அந்தப் பட்டையில் இருப்பவை நுண்ணிய காந்தத் துகள்கள். சிறிது தூரத்துக்கு ஒரு திசையிலும் அடுத்த தூரத்துக்கு எதிர்த் திசையிலும் அவை காந்தமாக்கப்பட்டிருக்கும். அட்டையைக் கருவியில் இழுக்கும்போது, திசை மாறும் ஒவ்வோர் இடத்திலும் கருவியின் கம்பிச்சுருளில் ஒரு சிறு மின்துடிப்பு எழும். 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான், வேறொன்றுமில்லை. ஒரு கட்டத்தின் எல்லையில் மட்டும் திசை மாறினால் 0. நடுவிலும் ஒருமுறை மாறினால் 1. நாம் விரைவாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் கணக்குத் தவறாமல் இருக்க இந்த ஏற்பாடு. பின்னர் இப்பட்டையின் இடத்தைச் சில்லு பிடித்துக்கொண்டதென்றாலும், வழியைத் திறந்தது பட்டைதான். நாவால் ஈரப்படுத்தி ஒட்டிய 1,200 தலைகளின் வேலையை இனி எந்திரம் ஒரு நொடியில் செய்யும்!

எண்ண எந்திரம் கிடைத்தது. எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை வானத்திலிருந்து வந்தது. 1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சட்டம் இயற்றியது. நிறுவனங்களுக்குள் கடும் போட்டி மூண்டது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், தன் விமானங்களில் பறந்த மைல்களைக் கணினியில் குறித்துவைத்து, போதிய மைல் சேர்ந்தவருக்கு இலவசச் சீட்டுக் கொடுக்கத் தொடங்கியது. சில நாள்களிலேயே யுனைடெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. எப்படியும் காலியாகப் பறக்கப் போகிற இருக்கையில் ஒருவரை உட்கார வைத்தால் நிறுவனத்துக்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. பயணிக்கோ அதன் மதிப்பு நூற்றுக்கணக்கான டாலர். இந்த வேறுபாடுதான் திட்டத்தின் உயிர்நாடி.

1987இல் அமெரிக்கன் ஏர்லைன்சும் சிட்டிபேங்கும் கைகோத்து ஓர் அட்டையை வெளியிட்டன. ஒரு டாலர் செலவிட்டால் ஒரு மைல். மைல் சேர்க்க இனி விமானம் ஏற வேண்டியதில்லை, மளிகை வாங்கினாலே போதும்!

இப்போது ஒரு நூறு டாலரைப் பின்தொடர்ந்து பார்ப்போம். மணப்பெண் பூக்கடையில் அட்டையால் 100 டாலர் செலுத்துகிறார். பூக்கடைக்காரருக்குக் கிடைப்பது 97 அல்லது 98 டாலர். கழிக்கப்பட்டதில் பெரும்பகுதி, அதாவது சுமார் 2 டாலர், அட்டை கொடுத்த வங்கிக்குப் போகிறது. வங்கி அதில் ஒரு பகுதியைக் கொண்டு விமான நிறுவனத்திடம் மைல்களை விலைக்கு வாங்கி மணப்பெண்ணின் கணக்கில் வைக்கிறது. பச்சைத் தலைக் காலத்து 2, 3 விழுக்காடு இங்கே மீண்டும் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா?

இந்த ஓட்டத்தை மிகத் தெளிவாகக் காட்டிய வேடிக்கை ஒன்று அமெரிக்க நாணயச் சாலையில் நடந்தது. குடியரசுத் தலைவர்களின் உருவம் பொறித்த ஒரு டாலர் நாணயங்களை மக்களிடம் பரப்ப 2005இல் சட்டம் வந்தது. 2008 முதல் 250 நாணயங்கள் கொண்ட பெட்டிகளை, அஞ்சல் கட்டணமும் வாங்காமல், சரியாக 250 டாலருக்கு நாணயச் சாலை வீட்டுக்கே அனுப்பியது. கடன் அட்டையும் செல்லும் என்றது. சிலர் ஆயிரக்கணக்கில் நாணயம் வாங்கினார்கள். பெட்டி வந்ததும் நேரே வங்கிக்குக் கொண்டுபோய்த் தம் கணக்கில் போட்டார்கள். அந்தப் பணத்தைக் கொண்டே அட்டைக் கடனை அடைத்தார்கள். போட்ட பணம் அப்படியே திரும்பிவிட்டது. மைல்கள் மட்டும் மிச்சம்! எரிபொருளின்றி ஓடும் நிரந்தர எந்திரத்தை யாரோ கண்டுபிடித்துவிட்டாரோ என்று தோன்றுகிறதல்லவா? இல்லை. அட்டைக் கழிவையும் அஞ்சல் செலவையும் ஏற்றது நாணயச் சாலை, அதாவது பொதுமக்களின் கருவூலம். 2011 ஜூலையில் அட்டைக்கு நாணயம் விற்பது நிறுத்தப்பட்டது.

பூக்கடைக்காரர் கருவூலம் அல்லர். அவர் அந்த 2, 3 டாலரை எங்கிருந்து எடுப்பார்? விலையில் ஏற்றித்தான். அந்த விலையை அட்டைக்காரர் மட்டுமா கொடுக்கிறார்? ரொக்கம் கொடுத்து ஒரு முழம் பூ வாங்குகிறவரும் கொடுக்கிறார்; அவருக்கு மைல் எதுவும் இல்லை. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டார்கள். ரொக்கத்தையே பயன்படுத்தும் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்கு விட்டுக்கொடுக்கிறது; அட்டைக் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது என்றார்கள். இக்கணக்கை மறுப்போரும் உண்டு. தொகை கூடக் குறைய இருக்கலாம்; ஆனால் பணம் எத்திசையில் ஓடுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆஸ்திரேலியாவில் 2003இலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015இலும் வங்கிக்குச் செல்லும் கழிவுக்கு உச்சவரம்பு விதித்தார்கள். இரண்டு இடங்களிலும் அட்டைப் புள்ளிகள் சுருங்கின. ஊற்று எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மற்றோர் ஊற்று வட்டி. 1978இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஒரு வங்கி தன் தலைமையகம் உள்ள மாநிலத்தின் வட்டி விதியையே பிற மாநிலத்தவரிடமும் கடைப்பிடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வட்டி வரம்பில்லாத மாநிலங்களுக்கு அட்டைத் தொழில் குடிபெயர்ந்தது. 2023இல் கடன் அட்டைகளின் சராசரி வட்டி ஆண்டுக்கு 20 விழுக்காட்டைக் கடந்தது. 30,000 டாலர் திருமணச் செலவை அட்டையில் வைத்துவிட்டு அடைக்க முடியாமற்போனால், ஒரு மாத வட்டி மட்டும் 500 டாலர். அந்தச் செலவில் கிடைக்கும் 30,000 மைலின் மதிப்போ, மைலுக்கு ஒன்று அல்லது ஒன்றரை சென்ட் என்று வைத்தால், 300 முதல் 450 டாலர்தான். முதல் மாதத்திலேயே தேனிலவு கரைந்துவிடுகிறது.

என் மாணவர் கெட்டிக்காரர். திருமணத்துக்கென்று சேமித்த பணம் வங்கியில் இருந்தது. பட்டியல் வந்தவுடன் முழுத் தொகையையும் கட்டிவிட்டார். புது அட்டைக்குத் தரும் தொடக்கப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. 2016இல் சேஸ் வங்கி ஓர் அட்டைக்கு, மூன்று மாதத்துக்குள் 4,000 டாலர் செலவிட்டால் 1,00,000 புள்ளிகள் என்று அறிவித்து நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்தது. அவ்வட்டையின் ஆண்டுக் கட்டணம் அப்போது 450 டாலராக இருந்தது. சாதாரணக் குடும்பம் மூன்று மாதத்தில் 4,000 டாலரை அட்டையில் செலவிடத் தயங்கும். திருமண வீட்டுக்கு ஒரே நாள் போதும்! திருமணமும் அட்டையும் இவ்வளவு நெருங்கிப் பழகுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் 2013 தொடக்கத்திலிருந்து காட்சி சற்று மாறியது. அட்டையில் செலுத்துவோரிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று வணிகர்களைக் கட்டியிருந்த விதி, ஒரு வழக்கின் சமரசத்தால், பெரும்பாலான மாநிலங்களில் தளர்ந்தது. கண்ணில் படாதிருந்த கழிவு பட்டியலில் தனி வரியாகத் தோன்றத் தொடங்கியது.

சென்ற ஆண்டு அதே மாணவர் மீண்டும் எழுதினார். அலுவலக நண்பருக்குத் திருமணமாம். மண்டபத்தார் 15,000 டாலர் கேட்கிறார்கள். அட்டையில் செலுத்தினால் மேலும் 3 விழுக்காடு. 'என்ன செய்யச் சொல்லலாம் சார்?' என்று கேட்டிருந்தார். 450 டாலர் கூடுதலாகக் கொடுத்து 15,000 மைல் வாங்க வேண்டும். அதன் மதிப்பு 225 டாலரைத் தாண்டாது என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். நண்பர் மண்டபத்துக்குக் காசோலை கொடுத்துவிட்டு, ஹவாய் விமானச் சீட்டை மட்டும் அட்டையில் வாங்கியிருக்கிறார்.