ரக்பி சுற்றுப்பயண ரசிகர்கள்

அயல்நாட்டில் வாரக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று ஆடும் ரக்பி அணியை நண்பர் குழுவாகப் பின்தொடர்பவர்கள் ரக்பி சுற்றுப்பயண ரசிகர்கள் எனப்படுவர். ரக்பி என்பது, அணிக்கு 15 பேர் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் பதிக்க முயலும் ஆட்டம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் ஒன்றிணைந்து நான்காண்டுக்கு ஒருமுறை தென்கோள நாடுகளுக்குச் செல்லும் லயன்ஸ் அணியைச் சுற்றியே இவ்வழக்கம் மிகச் செழித்துள்ளது. 2017இல் நியூசிலாந்துக்குச் சென்ற சிவப்புச் சட்டை ரசிகர்கள் பலர், படுக்கையும் அடுப்பும் பொருத்திய வாடகை வண்டிகளிலேயே தங்கி, ஆட்டத்துக்கு ஆட்டம் ஊர் மாறினர். 2021இல் கோவிட் தொற்றால் தென்னாப்பிரிக்க அரங்குகள் ஆளின்றிக் கிடந்தது, இப்பயணமரபுக்கு நேர்ந்த பேரிழப்பே ஆகும்.

தமிழ்நாட்டுக்கு அண்மையில் இவ்வாட்டம் ஆழ வேரூன்றிய நாடு இலங்கை. அங்கு மலையகத் தோட்டத் துரைமாரின் மன்றங்கள் அதனை வளர்த்தன. 1950இல் லயன்ஸ் அணியும் நாடு திரும்பும் வழியில் கொழும்பில் ஆடியது. தமிழ்நாட்டில் ஏலமலை அடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூரிலிருந்து மதுரைக்கு 2023இல் அகலப்பாதை ரயில் வந்துவிட்டமையால், மதுரையில் விமானமேறிக் கொழும்பு வழியே கண்டியின் நித்தவெல ரக்பி மைதானத்தை அடைவது அவ்வூர் ரசிகர்களுக்கு எளிது. எனினும், லயன்ஸ் தொடர் நடக்கும் ஆனி, ஆடி மாதங்களை ஒட்டியே ஏலமலைச் சரிவுகளில் ஏலக்காய் பறிப்பு தொடங்குவதால், தோட்டக்காரர்கள் வாரக்கணக்கில் ஊர்விட்டு அகல்வது கடினம்.