மாறுவேடமும் மறுக்கப்பட்ட வேடமும்

நாவலொன்றைத் திரையில் காணுங்கால், கதை கூடிற்றா குறைந்ததா என நோக்குவோர் பலர்; கதைமாந்தராய் நின்றவர் யாவர் என நோக்குவோர் சிலரே. ழூல் வெர்னின் உலகஞ்சுற்றும் கதையில் வரும் இந்திய இளவரசி ஔதாவாக, 1956ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தில் நடித்தவர் அமெரிக்கரான ஷர்லி மெக்லைன். இதனை எள்ளி நகையாடுமுன், ஏலூரிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் தமிழராகிய நாம், நம்மை ஏற்ற இந்நாட்டின் பழம்படம் ஒன்றையும் நோக்குதல் தகும்.

சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்ட வர்மா' மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். வீரச்செயல் மலிந்த கதை. திருவிதாங்கூர் இளவரசனை எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் தம்பிமாரும் வேட்டையாடுகின்றனர். மாண்டான் என்று கருதப்பட்ட அனந்தபத்மநாபன் என்னும் நாயர் இளைஞன், பித்தேறிய சான்னானாக வேடம் பூண்டு அவனைக் காக்கிறான். சான்னார் எனப்பட்டோர் இன்றைய நாடார் மக்கள். பட்டாணிய வணிகரும் கதையில் உளர். கதை நிகழும் பத்மநாபபுரமோ இன்று தமிழகத்துக் குமரி மாவட்டத்தது. நாவலில் இம்மாந்தர் பேச்சாலும் வேறுபட்டு நிற்பர். 1933இல் பி. வி. ராவ் இயக்கியதோ பேசாப்படம். பேச்சு போயிற்று, உடையே இனமாயிற்று. ஏ. வி. பி. மேனன் அனந்தபத்மநாபனாக நடித்தார். உயர்குலத்தான் தாழ்ந்தவனாக வேடமிடுவதைச் சாகசமென்றே எல்லோரும் கண்டனர்.

இதனைத் தயாரித்தவர் நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ். அவர் உறவினரான ஜே. சி. டேனியல் அகஸ்தீசுவரத்து நாடார். மலையாளத்தின் முதற்படமாகிய 'விகதகுமாரன்' அவர் எடுத்தது. அது வெளியான ஆண்டை 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். அதன் நாயகி பி. கே. ரோசி தலித் குலத்துப் பெண். அவர் ஏற்றதோ நாயர் மங்கையின் வேடம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் படம் ஓடியபோது மேற்குலத்தார் சினந்தெழுந்து கல்லெறிந்தனர். ரோசி ஊரைவிட்டே ஓடித் தமிழகத்தில் எஞ்சிய நாளைக் கழித்தார், மீண்டும் நடித்தாரில்லை. வேடமிட்டுக் கீழிறங்கியவனுக்குக் கைதட்டல். வேடமிட்டு மேலேறியவளுக்குக் கல். இடைப்பட்ட காலமோ சில ஆண்டுகளே!

சுந்தர்ராஜின் படத்திற்கு வந்த இடையூறு வேறு வகை. நாவலின் உரிமை பெற்றிருந்த கமலாலயம் புத்தகசாலை வழக்காடியதால் காட்சி நின்று, படச்சுருள் பதிப்பகத்தார் கைக்குப் போயிற்று. வழக்கே அதனைக் காத்தது எனலாம்: 1974இல் பூனாத் திரைப்பட ஆவணக்காப்பகம் அதனைப் பெற்றது. அதன் எழுத்துப் பலகைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அமைந்தவை. நாகர்கோவில்காரர் பணமிட்ட படமாயினும் தமிழ் எழுத்து அதில் இல்லை.

'விகதகுமாரன்' படத்தின் ஒரு பிரதியும் எஞ்சவில்லை. 2013இல் வந்த 'செல்லுலாய்டு' என்னும் மலையாளப் படத்தில், ரோசியின் வேடத்தில் வேறொரு நடிகையையே நாம் காண்கிறோம்.