மிளகாய்ச் செடியும் அதன் தொட்டிகளும் - ஒரு சிறு வரலாறு

முன்னுரை

மிளகாய் என்றால் வயலில் விளையும் பயிர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். குண்டூர் மிளகாயும் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் ஏக்கர் கணக்கில் விளைபவை. ஆனால் இதே மிளகாய்க்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. அது தொட்டி வாழ்க்கை. குளிர் நாடுகளிலும், நிலம் இல்லாத நகரங்களிலும் மிளகாய் தொட்டியை நம்பித்தான் பிழைத்தது. அந்தத் தொட்டி எதனால் ஆனது, எங்கிருந்து கிடைத்தது என்று தேடிப் போனால் ஒரு விஷயம் புரியும். மிளகாய்க்கென்று தனியாக யாரும் தொட்டி செய்யவில்லை. அந்தந்தக் காலத்தில், அந்தந்த ஊரில் எது மலிவாகவோ சும்மாவோ கிடைத்ததோ அதில்தான் வளர்த்தார்கள்.

சேறே தொட்டி

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்கே சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் மிளகாயைப் பயிரிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். மெக்சிகோ நகரத்தின் தெற்கே சோச்சிமில்கோ என்ற இடம் இருக்கிறது. ஏரியில் சேற்றையும் செடிகொடிகளையும் அடுக்கி உயர்த்திய 'சினாம்பா' என்னும் தீவு வயல்களுக்கு இந்த இடம் பேர் போனது. 1987-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இங்கே நாற்று விடும் முறை வேடிக்கையானது. கால்வாயின் அடியில் இருக்கும் சேற்றை நீண்ட கழியால் அள்ளி, கரையோரம் மெத்தை போலப் பரப்புவார்கள். அது அரைகுறையாகக் காய்ந்ததும் கத்தியால் சிறு சிறு சதுரங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு குழி, குழிக்குள் விதை, அதன் மேல் கொஞ்சம் எரு. நாற்று வளர்ந்ததும் அந்தச் சேற்றுக் கட்டியோடு எடுத்து வயலில் வைத்துவிடலாம். வேருக்கு ஒரு சேதமும் இல்லை. இந்தக் கட்டிக்கு 'சப்பீன்' என்று பெயர். மிளகாய், தக்காளி நாற்றுகளை அங்கே இப்படி வளர்ப்பார்கள். தொட்டி வேறு, மண் வேறு என்றில்லாமல் மண்ணே தொட்டியாக இருந்தது. செலவு என்று பார்த்தால் உழைப்பு மட்டும்தான்.

குளிருக்குப் பயந்து தொட்டிக்கு வந்தது

1492-ல் கொலம்பஸ் போன பிறகு மிளகாய் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் வந்தது. போர்த்துகீசியர் அதை இந்தியாவுக்கும் கொண்டு வந்தார்கள். காரத்துக்கு மிளகையே நம்பியிருந்த தமிழர்கள் இந்தப் புதிய காய்க்கு மிளகு, காய் இரண்டையும் சேர்த்து 'மிளகாய்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அது இந்திய மண்ணில் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு ஐரோப்பாவிலேயே ஒரு சாட்சி உண்டு. 1542-ல் ஜெர்மானிய மருத்துவர் லியோனார்டு ஃபுக்ஸ் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாயின் படங்கள் இருக்கின்றன. அவர் அதற்குக் கொடுத்த பெயர்களில் ஒன்று 'கள்ளிக்கோட்டை மிளகு'. மிளகாய் இந்தியாவிலிருந்து வந்தது என்றே அவர் நம்பினார்!

இந்தியாவில் மிளகாய்க்குத் தொட்டி தேவைப்படவில்லை. வெயிலும் நிலமும் தாராளமாக இருந்தன. இங்கிலாந்தில் நிலைமை வேறு. கோடை குறுகியது. காய் பழுக்கும் முன்பே குளிர் வந்துவிடும். இதற்கு ஜான் ஜெரார்டு 1597-ல் வெளியிட்ட மூலிகை நூலில் ஒரு வழி சொல்கிறார். இவர் லண்டனில் சொந்தமாக ஒரு தோட்டம் வைத்திருந்த அறுவை மருத்துவர். சூடான குதிரை லத்திப் பாத்தியில் விதையைப் போட வேண்டும். மூன்று நான்கு இலை வந்ததும் நாற்றைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். தொட்டியில் இருந்தால் வெயில் அடிக்கும் இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகலாம். இலையுதிர் காலத்தில் இரவுக் குளிர் படாமல் வீட்டுக்குள் வைத்துவிடலாம்.

400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் குளிர் நாட்டில் மிளகாய் வளர்ப்பவர்கள் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். குதிரை லத்தியின் இடத்தில் மின்சாரச் சூட்டுப் பலகை வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆக, தொட்டியின் முதல் வேலை அலங்காரம் அல்ல. செடிக்குக் கால் கொடுப்பதுதான்.

களிமண் தொட்டியின் காலம்

பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845-ல் நீக்கப்பட்டது. கண்ணாடி விலை இறங்கியதும் பணக்காரர்களின் மாளிகையோடு நிற்காமல் நடுத்தர மக்களின் வீடுகளுக்கும் கண்ணாடிக் குடில்கள் வந்தன. கூடவே மண் தொட்டிகளின் தேவையும் பெருகியது.

அந்தக் காலத்துக் குயவர்கள் தொட்டியின் அளவை அங்குலத்தில் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட அளவு களிமண்ணில் எத்தனை தொட்டி பிடிக்க முடியுமோ, அந்த எண்ணிக்கையே தொட்டியின் பெயர். 'அறுபது' என்றால் அந்தக் களிமண்ணில் 60 தொட்டி வரும். அது சுமார் 3 அங்குல வாயுள்ள சின்னத் தொட்டி. 'நாற்பத்தெட்டு' சுமார் 5 அங்குலம். 'முப்பத்திரண்டு' சுமார் 6 அங்குலம். 'ஒன்று' என்றால் மொத்தக் களிமண்ணும் ஒரே தொட்டிக்குப் போய்விடும். அதன் வாய் 18 அங்குலம். எண் சிறியதானால் தொட்டி பெரியது! புதிதாக வேலைக்கு வந்த தோட்டக்காரப் பையன்கள் எவ்வளவு குழம்பியிருப்பார்கள் என்று யோசித்துக் கொள்ளலாம்.

தொட்டியைப் படிப்படியாகத்தான் மாற்றுவார்கள். அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு, பிறகு அதைவிடப் பெரியதற்கு. இதற்குக் காரணம் உண்டு. சிறிய செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கும். மண் ஈரமாகவே கிடந்தால் காற்று புகாது, வேர் அழுகும். மிளகாய்க்கு வறட்சியைவிட இந்த ஈரம்தான் பெரிய எதிரி.

சுட்ட மண் தொட்டி இதில் ஓரளவு உதவும். அதன் சுவரிலேயே நுண்ணிய துளைகள் இருப்பதால் ஈரம் வெளியே ஆவியாகும், வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கனம் அதிகம். கீழே விழுந்தால் உடையும். கோடையில் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். விலையும் உண்டு.

டின்னும் பக்கெட்டும்

விலை கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? காலியான பாத்திரங்களைத் தேடினார்கள். கிரேக்கத் தீவுகளில் ஆலிவ் எண்ணெய் டின்னுக்குச் சுண்ணாம்பு அடித்துச் செடி வைப்பது வழக்கமான காட்சி. தமிழகத்திலும் எண்ணெய் டின்னில் துளசியும் கற்பூரவல்லியும் வளர்த்த வீடுகள் ஏராளம்.

இந்த ஏழைகளின் உத்தி ஒரு கட்டத்தில் பெரும் தொழிலாகவே ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் வீடுகள் பெருகின, செடிகளுக்குக் கிராக்கி கூடியது. அங்கிருந்த நாற்றுப் பண்ணைக்காரர்கள் உணவகங்கள் எறிந்த காலி டின்களை வாங்கி, அடியில் ஓட்டை போட்டுச் செடி வளர்த்தார்கள். டின்னின் சுவர் நேராக இருந்ததால் செடியை உருவ முடியாது. டின்னை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கென்றே வெட்டுக் கருவிகள் வந்தன. பிறகு அடி குறுகிய பிளாஸ்டிக் தொட்டி வந்து டின்னை ஓரங்கட்டியது. ஆனால் பெயர் மட்டும் போகவில்லை. அமெரிக்காவில் 'ஒரு கேலன்' தொட்டி என்று இன்றும் விற்கிறார்கள். ஒரு கேலன் 3.8 லிட்டர். அந்தத் தொட்டி கொள்வதோ சுமார் 3 லிட்டர்தான்.

பிளாஸ்டிக்கால் புதிய பிரச்சினையும் வந்தது. வழவழப்பான சுவரில் முட்டிய வேர் வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றி வளர்ந்து, கடைசியில் தன்னைத்தானே நெரித்துக் கொள்கிறது. 1960களின் பிற்பகுதியில் கார்ல் விட்காம்ப் என்ற அமெரிக்க ஆய்வாளர், அடிப்பாகம் இல்லாத பால் அட்டைப் பெட்டிகளில் செடி வளர்த்துப் பார்த்தார். காற்றைத் தொட்ட வேர் நுனி காய்ந்து, பின்னாலிருந்து புதுப் பக்க வேர்கள் கிளம்பின. இன்று விற்கும் துணிப் பைத் தொட்டிகளும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. சணல் சாக்கில் செடி வைத்தவருக்கும் இதே பலன் ஓரளவு கிடைத்திருக்கும்!

அமெரிக்காவில் வீட்டில் மிளகாய் வளர்ப்பவர்களிடம் பேர் பெற்றது 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட். பேக்கரிகளில் கேக் மேல் பூசும் சர்க்கரைக் கலவை இதில்தான் வரும். காலியானதும் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அடியில் நான்கைந்து ஓட்டை போட்டால் தொட்டி தயார்.

பாத்திரத்தின் பழைய கதை

சும்மா கிடைக்கும் பாத்திரத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. அதற்குள் முன்பு என்ன இருந்தது?

பழைய உணவு டின்களின் இணைப்பில் ஈயப் பற்று இருந்தது. அமெரிக்க டின் தயாரிப்பாளர்கள் 1991-ல்தான் அதை முழுவதும் கைவிட்டார்கள். பழைய பெயிண்டுகளிலும் ஈயம் உண்டு. பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் 1988-ல் அறிமுகமானது. '2' என்று இருந்தால் நல்லது என்பார்கள். ஆனால் அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்லும். பக்கெட்டில் மாவு இருந்ததா, பூச்சி மருந்து இருந்ததா என்று அது சொல்லாது.

இது வீண் பயம் அல்ல. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது. அங்கே போனது சமையலுக்கான எண்ணெய். செடித் தொட்டி வேறுதான். ஆனாலும் மருந்து டப்பாவைக் கழுவிவிட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது. தொட்டியில் விளையும் மிளகாயும் கடைசியில் குழம்புக்குத்தான் போகிறது.

முடிவுரை

சேற்றுக் கட்டி, மண் தொட்டி, தகர டின், பிளாஸ்டிக் பக்கெட், துணிப் பை என்று மிளகாய் எல்லாவற்றிலும் காய்த்திருக்கிறது. தொட்டி அழகாக இருக்கிறதா, விலை உயர்ந்ததா என்று செடி ஒருபோதும் பார்த்ததில்லை. தண்ணீர் வெளியேற ஓட்டை வேண்டும். வேர் பரவ இடம் வேண்டும், ஒரு செடிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் இருந்தால் தாராளம். பாத்திரம் விஷம் இல்லாததாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் இல்லாவிட்டால் செடிதான் வாடும். மூன்றாவது இல்லாவிட்டால் பாதிப்பு மனிதனுக்கு. ஆகவே காசு கொடுத்துத் தொட்டி வாங்க முடியவில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சும்மா கிடைக்கும் பக்கெட்டே போதும். அதில் முன்பு என்ன இருந்தது என்று கொடுப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பதில் தெரியாவிட்டால் அந்தப் பக்கெட்டை விட்டுவிடுவதே நல்லது.