கழித்துப்போடும் கை: இந்தியத் தொழிலாளர் சட்டம் முதலாளியைத் தேடிய வரலாறு

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், செயலி வழியே வேலை பெறுபவர் போன்ற கிக் தொழிலாளரை முதன்முறையாக மத்தியச் சட்டம் ஒன்றுக்குள் கொண்டுவந்தது. கொண்டுவந்த விதம் விசித்திரமானது. மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்துச் சம்பாதிப்பவர் என்று அவரை அது வரையறுக்கிறது. முதலாளி இல்லாததையே அடையாளமாக்கி ஒரு தொழிலாளரைச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புகளோடு இதுவும் நடைமுறைக்கு வந்தது.

செல்பேசிச் செயலி வந்ததால் சட்டம் இப்படி வளைந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை ஆலையின் வாசலைத் தாண்டிப் போன ஒவ்வொரு முறையும் ‘இவருக்கு முதலாளி யார்’ என்று இந்தியச் சட்டம் கேட்டுப் பார்த்திருக்கிறது. சில வேளை விடை கண்டது. கிடைத்த விடையைப் பிடித்துவைப்பது கடினமானபோது, கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பொருளின் மீதோ பரிவர்த்தனையின் மீதோ ஒரு தொகையை வசூலித்து நல நிதி அமைத்தது. உப்பளம், பீடி, தையல், கட்டுமானம் என்று இந்தப் பாதை நீள்கிறது. கிக் தொழிலாளர் அதில் கடைசியாக வந்து சேர்ந்தவர்.

தொடக்கத்தில் முதலாளி யார் என்பதில் சட்டத்துக்குச் சந்தேகமே இருந்ததில்லை. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம், முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி மூன்று மாதம் வரை சிறையில் வைக்க வழி செய்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்காக முதலில் எழுதப்பட்ட சட்டம் அது. வேலையாளைத் தண்டிக்க வேண்டியிருந்தபோது எஜமானரைக் கண்டுபிடிப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. 1881இன் ஆலைச் சட்டம் எதிர்த்திசையில் எடுத்துவைத்த முதல் சிறிய அடி. நூறு பேராவது வேலை செய்யும், இயந்திர விசையில் ஓடும் ஆலைகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது அதன் முக்கிய ஏற்பாடு. அந்த எண்ணிக்கை 1891இல் ஐம்பதாகக் குறைந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் என்று நிலைத்தது.

இடையில் நடந்த ஒன்றைச் சென்னைக்காரர்கள் மறக்க முடியாது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி. பி. வாடியா முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1920இல் பின்னி குழுமத்தின் பக்கிங்ஹாம் ஆலையில் தகராறு முற்றியபோது, வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள்மீது நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் நடத்துவதே நஷ்டஈட்டுக்கு உரிய குற்றமாகிவிடும் என்ற அந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான் 1926இன் தொழிற்சங்கச் சட்டம். 1859இன் சட்டமும் அதே ஆண்டோடு மறைந்தது. இருந்தும், இந்தச் சண்டைகள் அனைத்தும் ஆலை மதிலுக்குள் நடந்தவை. யார் யாருக்கு வேலை செய்கிறார் என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை.

ஐயம் எழுந்தது கட்ச் ரண் பகுதியின் உப்பளத்தில். தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கை உச்சநீதிமன்றம் 1956 இறுதியில் தீர்த்தது. உப்பு விளைவிக்கும் அகரியாக்களுக்குப் பருவத் தொடக்கத்தில் ஆளுக்கொரு பாத்தி நிலம் ஒதுக்கப்படும், தொடக்கச் செலவுக்குப் பணம் தரப்படும். நிலத்தைச் சமன்செய்வது, கிணறு வெட்டுவது, உவர்நீரைப் பாய்ச்சுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. குடும்பத்தோடு உழைப்பார்கள். வேண்டுமானால் தங்கள் பணத்தில் கூலிக்கு ஆளும் வைத்துக்கொள்வார்கள். வேலை நேரம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. மணங்குக் கணக்கில் பணம். ஆனால் கிணற்று நீரின் அடர்த்தியை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சோதிப்பார். உப்பு பதமாக இல்லையென்றால் கழித்துவிடுவார், அதற்குக் காசு இல்லை. இவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள் என்றது நிறுவனம். தொழிலாளர்களே என்றது நீதிமன்றம்.

மேற்பார்வையும் கட்டுப்பாடும் யாரிடம் இருக்கிறதோ அவரே முதலாளி என்று இந்தத் தீர்ப்பைச் சட்டப் புத்தகங்கள் சுருக்கிச் சொல்லும். தீர்ப்பில் விவரிக்கப்பட்ட நிலவரத்தைப் படித்தால், அந்தக் கட்டுப்பாடு கண்ணுக்குத் தெரிவது உப்பைக் கழித்துப்போடும் இடத்தில்தான். எப்போது எழுந்தாய், எத்தனை மணி நேரம் உழைத்தாய் என்று நிறுவனம் கேட்கவில்லை. விளைந்ததை ஏற்பதா தள்ளுவதா என்ற முடிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. வேலை செய்பவரை ஆட்டிவைக்க அந்த ஒன்று போதும்.

அடுத்த வழக்கில் இந்தப் பார்வை தடுமாறியது. மத்தியப் பிரதேசத்தின் சாகரில் ஒரு பீடித் தொழிற்சாலையில் சோதனைக்குப் போன ஆய்வாளர், உள்ளே இருந்த சட்டேதார்களின் பெயர் தொழிலாளர் பதிவேட்டில் இல்லையென்று மேலாளர்மீது வழக்குத் தொடுத்தார். சட்டேதார்கள் கம்பெனியில் புகையிலை வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் இடத்தில் பீடி சுற்றவைத்து, முடிந்ததைக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்கள். அவர்கள் சரக்கைத் தர வந்த தனி ஒப்பந்தக்காரர்களே என்று 1958இல் சிந்தாமன் ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 1960 இறுதியில் பிர்திசந்த் சர்மா வழக்கில், ஆலைக்கு உள்ளேயே உட்கார்ந்து சுற்றுகிறவர்களைத் தொழிலாளர் என்று ஏற்றது. அங்கே தரமற்ற பீடியைத் தள்ளும் உரிமை கட்டுப்பாட்டுக்குச் சான்றாக நின்றது. அடுத்த ஆண்டே இன்னொரு பீடி வழக்கில் முடிவு மறுபடி எதிர்ப்பக்கம் போனது. முதலாளிகளுக்கு இதில் கிடைத்த பாடம் தெளிவு: கூரையை மாற்றினால் சட்டம் மாறும்.

1958இல் சென்னை மாநிலம் பீடித் தொழிலிடங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டிருந்தது. தொழிலிடத்துக்குச் சட்டம் வந்தால் வேலை வீட்டுக்குப் போய்விடும். திருநெல்வேலிப் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் இன்றைக்கும் பார்க்கலாம்: நனைத்த இலையைத் தகர அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் முறத்தை வைத்துத் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் சேர்ந்ததும் கடைக்குக் கொண்டுபோகும் பெண்களை. கடையில் எண்ணி, பார்த்து, சரியில்லாதவற்றை எடுத்துப்போட்டுவிட்டு மீதிக்குப் பாஸ்புக்கில் எழுதுவார்கள். உப்பளத்தில் நடந்ததே இங்கும் நடக்கிறது.

இந்த நிலைமையை நேராக எதிர்கொண்ட சட்டம் 1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் போதிய மதிப்புப் பெறாமல் போனது இதுதான் என்று நினைக்கிறேன். ஒப்பந்தக்காரர் வழியாகவும் வீடுகளுக்கு வேலை பகிர்ந்தளித்தும் நடப்பதே இத்தொழிலின் இயல்பு என்பதை ஒப்புக்கொண்டு, வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளர் என்றது. இடைத்தரகருக்குப் பின்னால் நிற்பவரைப் பிரதான முதலாளி என்று பெயரிட்டுப் பிடித்தது. அதன் 39ஆவது பிரிவு இன்னும் நுணுக்கமானது. மூலப்பொருள் தருவது, பீடியைக் கழிப்பது, கழித்த பீடிக்குக் கூலி தருவது ஆகியவற்றில் தகராறு வந்தால், மாநில அரசு குறிக்கும் அதிகாரி சுருக்க விசாரணையில் தீர்க்க வேண்டும் என்றது. அதிகாரம் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே சட்டம் கை வைத்தது. எழுதியவர்கள் பீடிக் கடையின் முன்னால் நின்று பார்த்திருக்க வேண்டும்.

எதிர்வினையும் உடனே வந்தது. கேரளத்தில் இச்சட்டத்தை அமலாக்கியபோது, 1968இல் மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் கண்ணூர்ப் பகுதியில் தன் வேலையை மூடிக்கொண்டது. சுமார் 12,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களுக்காக 1969இல் உருவானதுதான் கேரள தினேஷ் பீடி கூட்டுறவு. சட்டம் செல்லாது என்று நிறுவனங்கள் தொடுத்த வழக்கை 1974இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. ஆனாலும் எல்லை தாண்டி வேலையை நகர்த்தும் சாமர்த்தியத்துக்கு எந்தத் தீர்ப்பாலும் பதில் சொல்ல முடியவில்லை.

அதே பத்தாண்டில் நீதிமன்றமும் தன் பார்வையை விரித்தது. சில்வர் ஜூபிலி தையல் கடை வழக்கில் நீதிபதி கே. கே. மாத்யூ, தையற்காரர்கள் துண்டுக் கணக்கில் கூலி வாங்கினாலும் நினைத்த நேரத்துக்கு வந்துபோனாலும் அவர்கள் கடையின் ஊழியர்களே என்று 1973இல் தீர்ப்பளித்தார். தைத்தது சரியில்லையென்றால் திருப்பிக் கொடுத்துப் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமை கடைக்கு இருந்தது அவருக்கு முக்கியமாகப் பட்டது. 1978இல் ஹுசைன்பாய் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், இடையில் எத்தனை ஒப்பந்தக்காரர் இருந்தாலும் திரையை விலக்கிப் பார்த்து, தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி என்றார். சட்டம் முதலாளிக்கு மிக அருகில் வந்த தருணம் அது.

பிறகு விலகத் தொடங்கியது. ஏன் என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. கட்டடத் தொழிலாளி இன்று ஒரு மேஸ்திரியிடம், அடுத்த வாரம் வேறொருவரிடம். மூட்டை தூக்குகிறவருக்கு ஒரே நாளில் நாலு வியாபாரிகள். இவர்களுக்காக வழக்கு நடத்தி முதலாளியை நிரூபிப்பதற்குள் வேலையே முடிந்துவிடும். மகாராஷ்டிரத்தின் 1969ஆம் ஆண்டு மாத்தாடிச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. சுமை தூக்குவோரையும் வியாபாரிகளையும் ஒரே வாரியத்தில் பதிவுசெய்து, கூலியையும் அதற்கு மேல் ஒரு தொகையையும் வியாபாரி வாரியத்தில் கட்ட, வாரியம் தொழிலாளிக்குப் பட்டுவாடா செய்தது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் நடைமுறையில் பாதிதான் இங்கே வந்து சேர்ந்தது. 1994இல் கட்டுமானத் தொழிலாளருக்கு வாரியம் அமைந்தது. ஆட்டோ ஓட்டுநர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர், வீட்டுப் பணியாளர் என்று வாரியங்கள் பெருகின. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, மகப்பேறு, விபத்து, ஓய்வூதியம் எல்லாம் வந்தன. கூலி மட்டும் வாரியத்தின் வழியாக வரவில்லை. பதிவானது தொழிலாளியின் பெயர் மட்டுமே.

இதை இகழ்ந்து பேச நான் தயாரில்லை. வாரிய அட்டையால் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் ஏராளம். ஆயினும் உறவு மாறிவிட்டது: தொழிலாளியும் முதலாளியும் எதிரெதிரே நின்ற இடத்தில் இப்போது தொழிலாளியும் அரசும் நிற்கிறார்கள், முதலாளி பணம் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

1996இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டங்கள் இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் கொண்டுபோயின. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் மேல்வரி. பணம் சேர்ந்தது, சேர்ந்தபடியே கிடந்தது. 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியும் சுமார் 9,500 கோடியே தொழிலாளருக்குச் செலவானதை 2018இல் உச்சநீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. வழக்கின் போக்கில், சில இடங்களில் அந்த நிதியில் மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்கியிருந்தது தெரியவந்தது. சித்தாளுக்குச் சலவை இயந்திரம்!

மேல்வரியை நம்பிய நலத்திட்டத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1976 முதல் பீடித் தொழிலாளரின் மருத்துவமனைகளையும் பிள்ளைகளின் உதவித்தொகையையும் தாங்கிவந்தது பீடி மேல்வரி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது மற்றப் பல மேல்வரிகளோடு அதுவும் ஒழிக்கப்பட்டது. வரி நிர்வாகத்தை எளிமையாக்க எடுத்த முடிவு ஒன்று, வேறொரு தொழிலாளர் சட்டத்தின் அடித்தளத்தை உருவிவிட்டது. முதலாளியின் கடமையாக இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

செயலித் தொழிலாளர் வந்து சேர்ந்தது இந்தக் கட்டத்தில். 2020–21இல் அவர்கள் 77 லட்சம் என்றும் 2029–30இல் 2.35 கோடியை எட்டுவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. தொகுப்புச் சட்டம் நிறுவனங்களின் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை நல நிதிக்குக் கேட்கிறது, தொழிலாளருக்குத் தரும் தொகையில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்போடு. 2023இல் ராஜஸ்தான் முதல் மாநிலச் சட்டத்தை இயற்றியது, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் கட்டணம் என்று. தமிழ்நாடு அதே ஆண்டு டிசம்பரில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நல வாரியத்தை அமைத்தது. மூட்டை தூக்குவோரை மனத்தில் வைத்து எழுதிய 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே அமைத்தது.

உணவு கொண்டுவருபவருக்கு வேலை நேரக் கட்டாயம் இல்லை, வண்டி அவருடையது, பெட்ரோல் அவர் செலவு. அகரியாவும் கிணற்றைத் தானே வெட்டினார். ரேட்டிங் குறைந்தால் ஆர்டர் வராது, புகார் வந்தால் ஐடி பிளாக். இது கழித்துப்போடும் உரிமை இல்லையென்றால் வேறென்ன? உப்பளத்தில் உப்பைக் கழித்தார்கள், பீடிக் கடையில் பீடியைக் கழித்தார்கள், இங்கே ஆளையே கழிக்கிறார்கள். 1973இன் தையல் கடைத் தீர்ப்பின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் முதலாளியைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. தொகுப்புச் சட்டத்தின் வரையறை அந்த அளவுகோலை எடுக்கவே அவசியமில்லாமல் செய்துவிடுகிறது. குறைந்தபட்சக் கூலி, வேலைநீக்கப் பாதுகாப்பு, வேலை நேரம் மூன்றும் அந்த ஒரு சொற்றொடரால் வெளியே நிற்கின்றன.

இதில் சற்று வேறுபட்டு நிற்பது 2025இல் கர்நாடகம் இயற்றிய சட்டம். ஒவ்வொரு முறை தொழிலாளருக்குத் தரும் தொகையிலும் ஒன்று முதல் ஐந்து சதவீதம் என்ற நல நிதிக் கட்டணம் அதிலும் உண்டு. அதோடு, வேலையைப் பகிர்வதற்கும் தொழிலாளரை மதிப்பிடுவதற்கும் தானியங்கி முறை எப்படிப் பயன்படுகிறது என்று தொழிலாளர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் முன்னறிவிப்புத் தராமல் யாரையும் நீக்கக் கூடாது. குறை தீர்க்கும் அமைப்பு வேண்டும். அவர்களை ஊழியர் என்று அது எங்கும் சொல்லவில்லை. இருந்தும், கழிப்பதற்குக் காரணம் கேட்கும் உரிமையை 1966இல் பீடி சுற்றும் பெண்ணுக்குத் தந்ததுபோல இதுவும் தருகிறது. நல வாரியத்தோடு நிற்கும் மாநிலங்களில், ஐடி பிளாக் ஆன மறுநாள் காலையில் போய்க் கேட்க ஓர் அதிகாரி இன்னும் கிடையாது.