மீன் வாங்கி விட்டால் போதாதா?

சிங்கப்பூர் ஆறு சுத்தமான கதை நம் எல்லாருக்கும் தெரியும். 1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் யூ ஓர் இலக்கு வைத்தார். பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் தூண்டில் போட்டு மீன் பிடிக்க முடிய வேண்டும். 1987இல் அது நடந்தது. இந்த இரண்டு ஆண்டுகளும்தான் நம் நினைவில் நிற்கின்றன. நடுவில் இருக்கும் பத்து வருஷம் யாருடைய உழைப்பு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

அதில் பெரும்பங்கு லீ எக் தியெங் என்ற பொறியாளருடையது. இலக்கு வைக்கப்பட்ட காலத்தில் அவர் சுற்றுப்புற அமைச்சின் நிரந்தரச் செயலாளர். இவ்வளவு செலவு செய்வதற்குப் பதிலாக வாராவாரம் மீன் வாங்கி ஆற்றில் விட்டால் மலிவாக முடியுமே என்று அவர் பிரதமரிடமே சொன்னதாக ஒரு கதை உண்டு. கேட்க நையாண்டி மாதிரி இருக்கும். ஆனால் மீன் வாழ வேண்டுமென்றால் தண்ணீருக்கு எத்தனை தூரம் பின்னால் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் இப்படி ஒரு கிண்டல் வரும்.

அவர் 1958இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் முடித்து நகர மன்றத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய துறை கழிவுநீர். அன்றைய சிங்கப்பூரில் அது மரியாதையான துறையாக இருந்திருக்காது. நகரின் பெரும்பகுதிக்குக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. வாளிக் கழிப்பறைகளிலிருந்து மலத்தை ஆட்கள் சுமந்துபோய் லாரியில் ஏற்றினார்கள். அந்த முறை முழுதாக ஒழிந்தது 1987 ஜனவரியில்தான். நம்மில் பலருடைய அம்மா அப்பா பார்த்த காலம் அது, ரொம்பப் பழைய சங்கதி ஒன்றும் இல்லை.

1970இல் தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு அமைந்தபோது அதற்கு அவர் தலைவரானார். அந்தப் பிரிவு எந்த அமைச்சின் கீழும் இல்லாமல் நேரே பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருந்தது. வேலையில்லாத் திண்டாட்டத்துக்குப் பயந்து தொழிற்சாலைகளை வருந்தி அழைத்துக்கொண்டிருந்த நாடு. புகைபோக்கியைப் பற்றிக் கேள்வி கேட்பவனுக்கு மேலிடத்து ஆதரவு இல்லையென்றால் வேலை ஓடாது. 1972இல் சுற்றுப்புற அமைச்சு உருவானபோது அதன் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. கழிவுநீர், வடிகால், குப்பை, அங்காடிக்காரர்கள், பொதுச் சுகாதாரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். என் பார்வையில், ஆறு சுத்தமானதற்கான அடிப்படை ஐந்து வருஷம் முன்னாலேயே இங்கே போடப்பட்டுவிட்டது.

காரணம் எளிது. ஆற்றை ஆற்றில் வைத்துச் சுத்தம் செய்ய முடியாது. கழிவு தண்ணீரில் கலந்ததும் அதை உண்ணும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன் சாகும், தண்ணீர் நாறும். சேற்றை அள்ளினால் மறு வருஷம் மறுபடியும் சேறு. ஆகவே எக் தியெங்கும் அவரோடு இருந்தவர்களும் ஆற்றுக்குப் பின்னால் போனார்கள். காலாங் வடிநிலத்தில் ஏறக்குறைய 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள், குழாய் இணைப்பு இல்லாத வீடுகள், தெருவோரத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் காணில் ஊற்றிய கிட்டத்தட்ட 5,000 அங்காடிக்காரர்கள், கொல்லைப்புறத்தில் நடந்த 2,800 சிறுதொழில்கள், ஆற்றில் நின்ற 800 சரக்குப் படகுகள். ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் வேறொரு இலாகாவின் சம்மதம் வேண்டும். வீடமைப்புக் கழகம் வீடு கட்டித் தராமல் ஒரு குடிசையையும் அகற்ற முடியாது. உணவங்காடி நிலையம் எழும்பாமல் ஒரு தள்ளுவண்டியையும் நகர்த்த முடியாது.

பொறியாளர் நிர்வாகியாக மாறிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். குழாயில் எங்கே அடைப்பு என்று தேடும் அதே மூளை, அரசாங்கத்துக்குள் எங்கே அடைப்பு என்று தேடியது. செலவு சுமார் 170 மில்லியன் வெள்ளி. மறுகுடியேற்றச் செலவு இதில் சேராது.

அந்த 'மறுகுடியேற்றம்' என்ற சொல்லைச் சும்மா தாண்டிப் போய்விடக் கூடாது. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம் மாறின. பொறியாளரின் வரைபடத்தில் ஒரு பன்றிக்கொட்டகை 'மாசின் மூலம்'. அதை வளர்த்தவருக்கு அது மகளின் கல்யாணச் செலவு. வாடகை இல்லாமல் தெருவில் பிழைத்தவர், நிலையத்துக்குள் போனதும் வாடகை, தண்ணீர், மின்சாரம் என்று கட்ட வேண்டியிருந்தது. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. கொள்கலன் கப்பல்கள் ஏற்கெனவே அந்தத் தொழிலின் வேரை அறுத்துக்கொண்டிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் நிறைய. பிறகு தொழில் சீனர்கள் கைக்குப் போனது. நம்மவர்கள் தொடங்கிய ஒரு வாழ்க்கைமுறையின் கடைசிப் பக்கமும் அந்த 1983தான்.

அதற்காக அழுக்கு ஆறே அழகாக இருந்தது என்று ஏக்கப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஏக்கம் கரையில் குடியிருக்காதவர்களுக்கு எளிது. வாளி சுமந்தவர் யாரும் வாளிக்காக ஏங்கியிருக்க மாட்டார். ஆனால் மூலத்தில் கை வைக்கும் பொறியியல் எவ்வளவு சரியானதோ, அந்த மூலத்துக்கு ஒரு முகம் உண்டு என்பதைக் காணாமல் விடும் வாய்ப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. கோப்பில் இல்லாத அந்த முகத்தை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

1987 செப்டம்பரில் எக் தியெங் உட்படப் பத்து அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பிறகு அவர் அரசாங்கச் சேவையின் தலைவராக 1994 முதல் 1999 வரை இருந்தார். நாட்டின் கையிருப்பை முதலீடு செய்யும் ஜிஐசியின் பொறுப்பிலும் இருந்தார். சாக்கடைப் பொறியாளர் கஜானா வரை போனதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் வருகிறது. ஆனாலும் அவர் நெடுங்காலம் விடாமல் பிடித்திருந்தது தண்ணீரைத்தான். 1978 முதல் 2000 வரை பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவர் அவரே.

அதன் பலன் அவர் போன பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. சிங்கப்பூரில் மழைநீர் போகும் வழி வேறு, கழிவுநீர் போகும் வழி வேறு. அதனால்தான் 2008இல் ஆற்றின் வாயில் மரினா அணைக்கட்டைக் கட்டி, நகரத்தின் நடுவிலேயே மழைநீரைக் குடிநீருக்காகத் தேக்க முடிந்தது. மறுபக்கம், குழாய் வழியே சேர்ந்த கழிவுநீர் 2003 முதல் புதுநீராகத் திரும்பி வருகிறது. இதற்கான சோதனை ஆலையை 1974இலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போது அது கட்டுப்படியாகவில்லை, மூடிவிட்டார்கள். 1963இல் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்த்த ஊருக்குச் சாக்கடையே ஒரு ஊற்றாகிவிட்டது.

இன்று கிளார்க் கீயில் உட்கார்ந்து கவிதை எழுதுகிறோம். எழுதலாம், தப்பில்லை. அந்தத் தண்ணீருக்குள் ஒரு பொறியாளரின் பத்து வருஷக் கோப்புகளும், அந்தக் கோப்புகளில் வெறும் எண்ணாக நின்றுபோன 26,000 குடும்பங்களும் இருப்பதை மறக்காமல் எழுதினால் சரி.