தோற்ற பெட்டி, பிழைத்த தட்டு

வீடியோ கேம் வரலாற்றில் படுதோல்வி கண்ட கருவிகளைச் சொல்லும்போது பிலிப்ஸின் சிடி-ஐ முதல் வரிசையில் வரும். 1986ல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து இதன் தட்டுக்கான வரையறையை அறிவித்தன. 1991 டிசம்பரில் பெட்டி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1998க்குள் பிலிப்ஸ் அதைக் கைகழுவிவிட்டது. கேம் பிரியர்கள் எழுதும் வரலாறு அத்தோடு முடிந்துவிடும். அரியலூரிலிருந்து பார்த்தால் அது பாதி வரலாறுதான். அந்தப் பெட்டிக்காக யோசித்த தட்டுமுறை விசிடி என்ற வீடியோ சிடிக்குள் புகுந்து, அரியலூர், பெரம்பலூர், ஜெயங்கொண்டம் என்று சிற்றூர்களின் சிடி கடைகள் வரை வந்து சேர்ந்தது.

பெட்டி தோற்றதற்கான காரணங்கள் வெளிப்படை. விலை பல நூறு டாலர். விளையாட்டு, கலைக்களஞ்சியம், பாட்டு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்றார்கள். வாங்க வந்தவருக்கு இது எதற்கு என்றே விளங்கவில்லை. முழுத்திரையில் படம் ஓட வேண்டுமென்றால் தனியாக ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கிச் செருக வேண்டும். நிண்டெண்டோ 1991ல் சோனியை உதறிவிட்டு பிலிப்ஸோடு கைகோத்ததால் மரியோவும் செல்டாவும் இதில் வந்தன. 1993ல் வந்த இரண்டு செல்டா ஆட்டங்களையும் இன்றுவரை கேலி செய்கிறார்கள். உதறப்பட்ட சோனியோ 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனை இறக்கியது. இவற்றையெல்லாம்விட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். சிடி-ஐக்கென்றே எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. மக்கள் ஏற்கெனவே விரும்பிப் பார்த்த எதுவும் அதற்குள் அப்படியே போகவில்லை.

1993ல் பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிதா, ஜேவிசி நான்கும் வகுத்த விசிடிக்கு அந்தச் சிக்கல் இல்லை. எடுத்து முடித்த சினிமாவை அப்படியே ஏற்றலாம். ஒரு தட்டில் 74 நிமிடம், ஆகவே ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டு. இங்கேதான் சிடி-ஐயின் மூளை வேலை செய்தது. தட்டிலுள்ள தகவல் 2352 பைட் கொண்ட சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். கணினி நிரலில் ஓர் எழுத்து பிசகினாலும் ஓடாது என்பதால், பிழைதிருத்தத்துக்கு இடம்விட்டு 2048 பைட் மட்டுமே நிரப்புவார்கள். படம் சிறு பிழையைத் தாங்கிக்கொள்ளும். எனவே அந்தக் கூடுதல் காப்பை எடுத்துவிட்டு 2324 பைட் வரை நிரப்பலாம் என்று சிடி-ஐ காலத்திலேயே வகுத்திருந்தார்கள். கீறல் விழுந்த விசிடியில் கதாநாயகன் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும், பாட்டு விக்கும், பிறகு படம் பாட்டுக்கு ஓடும். அந்தக் கணக்கின் விளைவுதான் அது.

விசிடிக்கு உயிர் கொடுத்தது படத்தைச் சுருக்கும் எம்பெக் முறையே, சிடி-ஐ அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். சுருக்கும் முறை எம்பெக் என்ற சர்வதேசக் குழுவினுடையதுதான். ஆனால் முறைப்படி அச்சிட்ட விசிடி ஒன்றைக் கணினியில் திறந்து பாருங்கள். படம் இருக்கும் எம்பெக்ஏவி ஃபோல்டருக்குப் பக்கத்தில் சிடிஐ என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும். பிலிப்ஸின் அந்தப் பெட்டியிலும் தட்டு ஓடுவதற்கான சிறு நிரல் அதற்குள் உண்டு. பெட்டி சந்தையிலிருந்து மறைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், அதற்கான நிரலைச் சுமந்துகொண்டே படத் தட்டுகள் விற்றன.

திருட்டு விசிடி இல்லாவிட்டால் இந்தத் தட்டு இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்ற கேள்வி இன்னும் கனமானது. திரையரங்குகள் பட்ட அடியைக் குறைத்துச் சொல்ல முடியாது; 2004ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தையே திருத்தி, திருட்டு வீடியோ தொழில் செய்பவர்களை அதற்குள் கொண்டுவந்தது. ஆனால் திருட்டு மட்டுமே காரணம் என்றால் 2007ஐ விளக்க முடியாது. அந்த ஆண்டு மோசர் பேயர் நிறுவனம் உரிமம் பெற்ற விசிடியை 28 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. சீனத்தின் ஹெஃபெய் நகரில் வான்யான் நிறுவனம் 1993ல் தொடங்கிவைத்த விசிடி பிளேயரை, பின்னால் வந்த ஆலைகள் விலை குறைத்துக் குவித்திருந்தன. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டுப் பழகிய கிராமங்களுக்குத் தட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதே இருக்கவில்லை. கல்யாண வீடியோவும் கேசட்டை விட்டுத் தட்டுக்கு மாறியது.

விளையாட்டும் பின்னாலேயே வந்தது. 2000களில் விற்ற மலிவான டிவிடி பிளேயர்கள் பலவற்றோடு இரண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒரு கேம் தட்டும் சேர்த்தே கொடுத்தார்கள். 300 ஆட்டம் என்று அட்டையில் போட்டிருக்கும். பெரும்பாலும் 1980களின் நிண்டெண்டோ ஆட்டங்களை உரிமமில்லாமல் நகலெடுத்தவை, ஒரே ஆட்டம் பெயர் மாறிப் பலமுறை வரும். தரத்தில் மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் டிவிக்குப் பக்கத்தில் படத்துக்கும் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் ஒரே தட்டுப் பெட்டி என்று பிலிப்ஸ் 1991ல் விற்கப் பார்த்தது இதைத்தான். சினிமாவை முன்னால் வைத்து, ஆட்டத்தை இலவச இணைப்பாகக் கொடுத்தபோது அது விலைபோனது.